சுகர் ஏறுவது எப்போது, இறங்குவது எப்போது: கணையச் செல்களில் கோளாறு தேடும் வழிமுறை

மீட்டர் 190 என்று காட்டுகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்த 190 என்றால் அது ஒரு கதை. விடியற்காலையில் எழுந்தவுடன் வந்த 190 என்றால் வேறு கதை. மூன்று மாதக் குழந்தைக்கு வந்தது என்றால் அது இரண்டிலும் சேராது. எண் ஒன்றுதான், அதற்குக் காரணமான செல்லும், அந்தச் செல்லுக்குள் அறுந்துபோன கண்ணியும் வேறு வேறு. அதனால் 'எவ்வளவு?' என்பதற்கு முன் 'எப்போது?' என்று கேட்டுப் பழகுங்கள். கோளாறு இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் நேரமே காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே வரும் எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. மில்லிமோலில் பார்ப்பவர்கள் 18ஆல் வகுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: இது புரிந்துகொள்வதற்கான வழிமுறை. இதைப் படித்துவிட்டு மருந்தின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். மருத்துவரிடம் சரியான கேள்வியோடு போங்கள்.

ஒழுங்காக ஓடும்போது எப்படி ஓடுகிறது

கணையத்தின் பெரும்பகுதிக்கும் சுகருக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. அது செரிமான நொதிகளைச் சுரக்கும் சுரப்பி. அதற்குள் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னச் செல் திட்டுகள்தான் நமக்கு வேண்டியவை. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார். அவை என்ன வேலை செய்கின்றன என்று அப்போது அவருக்குத் தெரியாது. மனிதக் கணையத்தில் சுமார் பத்து லட்சம் திட்டுகள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தாலும் கணையத்தின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான் தேறும்.

ஒவ்வொரு திட்டிலும் முக்கியமாக மூன்று வகைச் செல்கள். பீட்டா செல் இன்சுலின் சுரக்கும். ஆல்பா செல் குளுக்ககான் சுரக்கும். டெல்டா செல் சோமாட்டோஸ்டாட்டின் சுரந்து அந்த இரண்டையும் அடக்கி வைக்கும். எலியின் கணையத்தில் பீட்டா செல்கள் நடுவிலும் ஆல்பா செல்கள் ஓரத்திலும் தனித்தனியாக இருக்கும். மனிதரில் எல்லாம் கலந்து, தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. பக்கத்துச் செல் சுரப்பது அடுத்த கணமே இந்தச் செல்லின் காதில் விழுகிறது. இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

பீட்டா செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் பாதிக் கோளாறுகள் இங்கேதான். ரத்தத்தில் குளுக்கோஸ் கூடியதும் அது செல்லுக்குள் தாராளமாக நுழைகிறது. உள்ளே குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. மற்ற செல்களில் உள்ள இதன் உறவுக்கார நொதிகள் துளி குளுக்கோஸ் கிடைத்தாலே முழு வேகத்தில் ஓடும். குளுக்கோகைனேஸ் அப்படியில்லை, 144 வாக்கில்தான் பாதி வேகத்தைத் தொடும். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏற ஏற இதன் வேகமும் கூடவே ஏறும். செல்லின் உண்மையான சுகர் மீட்டர் இந்த நொதிதான்.

அதன்பின் குளுக்கோஸ் படிப்படியாக உடைந்து, மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்து, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உண்டாகிறது. செல்லின் சவ்வில் ஒரு பொட்டாசியம் கதவு இருக்கிறது: நான்கு துளைப் புரதங்கள், அவற்றைச் சுற்றி நான்கு காவல் புரதங்கள். செல் சும்மா இருக்கும்போது இந்தக் கதவு திறந்தே இருக்கும். பொட்டாசியம் வெளியே கசிந்துகொண்டிருப்பதால் செல்லின் உட்பக்கம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் அமைதியாகக் கிடக்கும். ஏடிபி கூடி, துளைப் புரதத்தில் போய் உட்கார்ந்ததும் கதவு மூடிக்கொள்கிறது. மின்னழுத்தம் ஏறுகிறது. அதைக் கண்டு கால்சியம் கதவுகள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியம், இன்சுலின் நிரம்பிய பைகளைச் சவ்வோடு ஒட்டவைத்து வெளியே கொட்டச் செய்கிறது.

ஒரு பீட்டா செல்லில் சுமார் 10,000 பைகள் இருக்கும். அவற்றில் சவ்வை ஒட்டித் தயாராக நிற்பவை நூற்றில் சிலதான். அவை முதல் பத்து நிமிடத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். இதுதான் முதல் அலை. பின்னால் இருப்பவை மெதுவாக முன்னுக்கு வந்து கொட்டுவது இரண்டாம் அலை. மணிக்கணக்கில் நீடிக்கும்.

இந்தச் சங்கிலிக்கு வெளியிலிருந்தும் தூண்டுதல் உண்டு. குடலில் உணவு இறங்கியதும் ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற இரண்டு ஹார்மோன்கள் வருகின்றன. அவை பீட்டா செல்லில் சைக்ளிக் ஏஎம்பி என்ற, செல்லுக்குள் செய்தி சுமக்கும் மூலக்கூறைக் கூட்டும். அவை தாமாகக் குழாயைத் திறப்பதில்லை. குளுக்கோஸ் ஏற்கெனவே திறந்த குழாயில் அழுத்தத்தை ஏற்றுகின்றன, அவ்வளவுதான். அட்ரினலினும் சோமாட்டோஸ்டாட்டினும் அதே சைக்ளிக் ஏஎம்பியை இறக்கி பிரேக் போடுகின்றன.

சரி, வெளியே வந்த இன்சுலின் எங்கே போகிறது? முதலில் கல்லீரலுக்கு. ஏறக்குறைய பாதி அங்கேயே தீர்ந்துவிடும். 'குளுக்கோஸை வெளியே விடாதே' என்று கல்லீரலுக்கும், 'வாசலைத் திற' என்று தசைக்கும் கொழுப்புக்கும் சொல்வது அதன் வேலை. குளுக்ககான் கல்லீரலிடம் நேர் எதிராகச் சொல்லும்.

தேடத் தொடங்கும் முன்: எண் உண்மையா?

நான் உடலியங்கியல் பாடம் எடுப்பவன். ஒருமுறை மாணவர்கள் முன்னால் மீட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட என் விரலையே குத்தினேன். 231. வகுப்பே அமைதியாகிவிட்டது. கொஞ்சம் முன்புதான் ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி குத்தினேன். 104. விரல் நுனியில் ஒட்டியிருந்த பழச்சாறு ஒரு சர்க்கரை நோயாளியையே உருவாக்கிவிட்டது.

ஆகவே முதல் வேலை கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, இன்னொரு முறை எடுப்பது. சோதனைப் பட்டைகளின் காலாவதித் தேதியையும் பாருங்கள். கடந்த சில மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. அது சிவப்பணுக்களின் ஆயுளை நம்பி நிற்பது. சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் உள்ளவருக்குப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், இரும்புச்சத்துக் குறைவில் கூட்டிக் காட்டும். விரலும் ஆய்வகமும் ஒத்துப்போகவில்லை என்றால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

அப்புறம் மூன்று நாளைக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்: எழுந்தவுடன், உணவுக்கு முன், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும் முன். ஒரே ஒரு நாள் மட்டும் அலாரம் வைத்து இரவு 3 மணிக்கு. பக்கத்தில் மருந்து எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். கீழே உள்ள எல்லாமே இந்தத் தாளை வைத்துத்தான்.

அறிகுறி: காலையில் ஒழுங்கு, சாப்பிட்டபின் மட்டும் எகிறுகிறது

எழுந்தவுடன் 98. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் 210. நான்கு மணி நேரம் கழித்து மறுபடி 110. இப்படிப்பட்டவருக்கு இன்சுலின் இல்லாமல் இல்லை. இருக்கிறது, தாமதமாக வருகிறது. முதல் அலை போய்விட்டது.

இது பலர் நினைப்பதைவிட மிக முன்னதாகவே நடக்கும். வெறும் வயிற்று அளவு 115ஐத் தாண்டியவர்களுக்குச் சிரை வழியாகக் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தால் முதல் அலையே கிளம்புவதில்லை. இரண்டாம் அலை மட்டும் கூடுதல் நேரம் உழைத்து எப்படியோ ஈடு கட்டுகிறது. வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிட்டுவிடுவார். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனை இதற்காகத்தான் இருக்கிறது: 140க்குக் கீழ் சரி, 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பது எச்சரிக்கை.

முதல் அலையின் முக்கியமான வேலை என்ன தெரியுமா? தசைக்குள் குளுக்கோஸைத் தள்ளுவதைவிட, கல்லீரலின் வாயை உடனே அடைப்பதுதான். அந்த அலை வராவிட்டால் குடலிலிருந்து ஒரு பக்கம் குளுக்கோஸ் வந்துகொண்டிருக்க, கல்லீரலும் தன் பங்குக்குக் கொட்டிக்கொண்டிருக்கும். இதோடு ஆல்பா செல்லும் சேர்ந்துகொள்கிறது. பக்கத்தில் இருக்கும் பீட்டா செல் உரிய நேரத்தில் இன்சுலினைக் கொட்டினால்தான் ஆல்பா செல் வாயை மூடும். பீட்டா செல் தாமதித்தால் சாப்பாட்டுக்குப் பிறகும் குளுக்ககான் குறையாது, சிலருக்கு ஏறவே ஏறும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. இன்சுலின் குறைவு என்று மட்டுமே பேசிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.

இங்கே சரிபார்க்க வேண்டியது குடலின் பங்கு. அதே அளவு குளுக்கோஸை வாய் வழியாகக் கொடுத்தால், சிரை வழியாகக் கொடுப்பதைவிட மிக அதிக இன்சுலின் சுரக்கும். ஆரோக்கியமானவரிடம் உணவுக்குப் பிந்தைய இன்சுலினில் பாதிக்கும் மேல் குடல் ஹார்மோன்களின் தயவால் வருவது. இரண்டாம் வகை நோயில் ஜிஐபியின் பேச்சைப் பீட்டா செல் சரியாகக் கேட்பதில்லை. ஜிஎல்பி-1 சொல்வது இன்னும் ஓரளவு எடுபடுகிறது. இயற்கையான ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது என்பதால்தான் நீண்ட நேரம் நிற்கும் அதன் நகல்கள் மருந்தாக வந்தன. குளுக்கோஸ் இறங்கியதும் அவற்றின் வேலையும் தானாக அடங்கிவிடும். அதனால் தனியாகக் கொடுத்தால் சுகர் தாழ்ந்துபோகும் அபாயம் குறைவு.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று: ஒரே உணவு, இரண்டு நாள். ஒரு நாள் சாப்பிட்டு உட்கார்ந்திருங்கள், மறுநாள் சாப்பிட்டு 15 நிமிடம் நடங்கள். உழைக்கும் தசைக்கு இன்சுலின் சொல்லாமலேயே வாசலைத் திறக்கும் தனி வழி உண்டு. இரண்டாம் நாள் உச்சம் தெளிவாகக் குறைந்தால் அந்த வழி ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

அறிகுறி: ராத்திரி எதுவும் சாப்பிடவில்லை, காலையில் மட்டும் அதிகம்

'தூங்கும்போது 125, எழுந்தால் 165. நடுவில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.' இந்தப் புலம்பலை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தக் குளுக்கோஸ் வெளியிலிருந்து வரவில்லை, கல்லீரலிலிருந்து வந்தது.

இரவில் வளர்ச்சி ஹார்மோனும், விடியும் முன் கார்ட்டிசாலும் ஏறும். இரண்டும் இன்சுலினின் பேச்சை மங்கச் செய்பவை. ஆரோக்கியமான பீட்டா செல் அந்த நேரத்தில் சத்தமில்லாமல் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து சமன் செய்துவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கூடுதலைக் கொடுக்க முடியாதவருக்குக் காலை எண் ஏறுகிறது.

இரவு 3 மணி அளவு இப்போது கைகொடுக்கும். 3 மணிக்கு ஒழுங்காக இருந்து அதன்பின் ஏறினால் விடியல் ஏற்றம். படுத்ததிலிருந்தே மேலே இருந்தால் இரவு முழுவதுக்குமான இன்சுலின் போதவில்லை, அல்லது இரவு உணவு தாமதம். 3 மணிக்கு 60, 65 என்று தாழ்ந்திருந்தால் விஷயம் தலைகீழ்: இரவில் போடும் இன்சுலினோ மாத்திரையோ அதிகமாக இருக்கலாம். அப்படி இருக்கையில் காலை எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் ஆபத்து. மூன்று நிலைமைக்கும் காலையில் தெரியும் எண் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதைக் கவனியுங்கள்.

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்தால் இன்சுலின் 'விடாதே' என்று எவ்வளவு சொன்னாலும் அது காதில் வாங்காது. மெட்ஃபார்மின் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது.

அறிகுறி: எப்போதும் கொஞ்சம் கூடுதல், ஆண்டுக்கணக்கில் அசையவே இல்லை

வெறும் வயிற்றில் 115, 120, 118. பத்து ஆண்டாக இதே கதை. எடை ஒல்லி. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இதே அளவு இதே மாதிரி. சாப்பிட்டபின் பெரிதாக ஏறுவதில்லை. மாத்திரை போட்டாலும் எண் அசைவதில்லை, விட்டாலும் அசைவதில்லை.

குளுக்கோகைனேஸை நினைத்துப் பாருங்கள். அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது. மீட்டர் கெடவில்லை, அதன் தொடக்கக் கோடு மேலே தள்ளிப்போய்விட்டது. 90இல் விழித்துக்கொள்ள வேண்டிய பீட்டா செல் 120 வாக்கில் விழிக்கிறது. விழித்தபின் எல்லாம் ஒழுங்காகச் செய்கிறது. மாத்திரை எண்ணை இறக்கப் பார்த்தால் உடல் மறுபடி தன் கோட்டுக்கே கொண்டுவந்துவிடும். இந்த வகையில் வெறும் வயிற்று அளவு பொதுவாக 100 முதல் 145க்குள் நிற்கும். கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் சிக்கல்கள் மிக அரிது. கர்ப்பகாலம் தவிர மற்ற நேரத்தில் பொதுவாக மருந்தே தேவையில்லை. மரபணுச் சோதனைக்குச் செலவாகலாம், ஆனால் வாழ்நாள் முழுக்க வீணாகப் போடும் மாத்திரையை அது நிறுத்தும்.

அறிகுறி: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை கரைகிறது

இங்கே நிதானமாகத் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. 300, 400 என்று போகிறது, வாந்தி, வயிற்று வலி, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது, வாயில் பழ வாடை என்றால் அது கீட்டோஅமிலம்: இன்சுலின் போதாமல் கொழுப்பு உடைந்து, கீட்டோன் என்ற அமிலப் பொருட்கள் ரத்தத்தில் சேர்வது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் வகைச் சர்க்கரை நோயில் உடலின் தற்காப்புப் படையே பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. சங்கிலியில் ஒரு கண்ணி அல்ல, சங்கிலியே இல்லை. இன்சுலின் இல்லாதபோது ஆல்பா செல்லைத் தடுக்க ஆளில்லை. குளுக்ககான் தன் போக்கில் கொட்டுகிறது, கல்லீரல் குளுக்கோஸையும் கீட்டோனையும் சேர்த்தே தயாரிக்கிறது. இது குழந்தைகளுக்கு மட்டும் வரும் நோய் இல்லை. நாற்பதில் ஒல்லியாக இருப்பவருக்கு மாத்திரை எடுபடவில்லை என்றால் ஜிஏடி எதிரணுவும் (தற்காப்புப் படையின் தாக்குதலைக் காட்டுவது) சி-பெப்டைடும் (சொந்த இன்சுலின் சுரப்பைக் காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு பொறி: சுகரைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை எடுப்பவருக்குச் சுகர் 200கூட இல்லாத நிலையில் கீட்டோஅமிலம் வரலாம். மீட்டர் எண்ணைப் பார்த்து 'பரவாயில்லையே' என்று உட்கார்ந்துவிடக் கூடாது. வாந்தியும் மூச்சும்தான் இங்கே அறிகுறி.

அறிகுறி: பிறந்து ஆறு மாதத்துக்குள் குழந்தைக்கு அதிகச் சுகர்

இந்த வயதில் தற்காப்புப் படை பீட்டா செல்லை அழிப்பது மிக மிக அரிது. அப்படியானால் பழுது செல்லின் வரைபடத்திலேயே இருக்கிறது. அதனால் ஆறு மாதத்துக்குள் வந்த எல்லோருக்கும், இப்போது அவர்களுக்கு என்ன வயதானாலும், மரபணுச் சோதனை செய்யச் சொல்கிறார்கள்.

2004இல் தெரியவந்த உண்மை இது: இவர்களில் பலருக்குப் பொட்டாசியம் கதவின் துளைப் புரதத்தில் பிழை. ஏடிபி வந்து உட்கார்ந்தாலும் கதவு மூடுவதில்லை. யோசித்துப் பாருங்கள், குளுக்கோஸ் நுழைகிறது, குளுக்கோகைனேஸ் வேலை செய்கிறது, மைட்டோகாண்ட்ரியா எரிக்கிறது, பைகளில் இன்சுலின் நிரம்பி நிற்கிறது. எல்லாம் சரி. ஒரே ஒரு கதவு திறந்தே கிடப்பதால் மின்னழுத்தம் ஏறவில்லை, கால்சியம் வரவில்லை, நிரம்பிய பை நிரம்பியபடியே கிடக்கிறது.

ஆனால் கதவுக்கு இன்னொரு கைப்பிடி உண்டு. சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் இரண்டாம் வகை நோய்க்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பவை. அவை துளையில் அல்ல, பக்கத்துக் காவல் புரதத்தில் ஒட்டிக் கதவை மூடுகின்றன. ஏடிபியின் அனுமதி அவற்றுக்குத் தேவையில்லை. 2006இல் வெளியான ஆய்வில், பிறந்ததிலிருந்து ஊசியை நம்பியிருந்த 49 பேருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 44 பேரால் இன்சுலின் ஊசியையே நிறுத்த முடிந்தது. கதவை மாத்திரை மூடிக்கொள்ள, குடல் ஹார்மோன்கள் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து அளவைப் பார்த்துக்கொள்கின்றன. பழுது எந்தக் கண்ணியில் என்று சரியாகக் கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும் என்று மாணவர் யாராவது கேட்டால் நான் சொல்லும் உதாரணம் எப்போதும் இதுதான்.

இதே கதவு எதிர்ப்பக்கமும் கெடும். பிறந்த குழந்தைக்குத் திரும்பத் திரும்பச் சுகர் தாழ்ந்துபோகிறது என்றால் கதவு மூடியே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது குளுக்கோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலின் கொட்டும். டயசாக்ஸைடு கதவைத் திறந்து வைக்கும் மருந்து. அது எடுபடவில்லை என்றால் திறப்பதற்குக் கதவே உருப்படியாக இல்லை என்று பொருள் கொள்ளலாம்.

அறிகுறி: சுகர் தாழ்ந்துபோகிறது, சுகர் மருந்து எதுவும் எடுப்பதில்லை

வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம். இவை பதற்றத்திலும் வரும். அதனால் மூன்றும் சேர வேண்டும்: அறிகுறி இருக்க வேண்டும், அந்த நேரத்தில் எடுத்த அளவு தாழ்ந்திருக்க வேண்டும், குளுக்கோஸ் கொடுத்ததும் சரியாக வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கணையத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மறுபடி 'எப்போது?'. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் என்றால் இன்சுலின் அலை உணவைவிடத் தாமதமாகவோ தடித்தோ வந்திருக்கிறது; இரைப்பை அறுவை செய்தவர்களிடம் உணவு சரேலென்று குடலில் விழுந்து ஜிஎல்பி-1 ஏகத்துக்கு எகிறுவதால் இது நடக்கும். வெறும் வயிற்றில், காலையில், வேலை செய்யும்போது என்றால் அதை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெறும் வயிற்றில் தாழும்போது, அளவு 55க்குக் கீழ் இருக்கும் அந்த நிமிடத்தில் எடுத்த ரத்தம்தான் பேசும். அரை மணி கழித்து எடுத்தால் பயனில்லை. அந்த ரத்தத்தில் இன்சுலினோடு சி-பெப்டைடும் பார்க்கிறார்கள். பீட்டா செல் இன்சுலினை ஒரே நீள இழையாகச் செய்து, நடுவில் 31 அமினோ அமிலத் துண்டை வெட்டி எடுக்கிறது. ஒரு இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைடு கூடவே வெளியே வரும். ஊசி மருந்தில் அந்தத் துண்டு கிடையாது. அதனால்:

– இன்சுலினும் சி-பெப்டைடும் இரண்டும் அதிகம்: சொந்தக் கணையம் கொட்டுகிறது. சல்ஃபோனைல்யூரியா ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் வேறொருவருடைய மாத்திரை மாறிப்போன சம்பவங்கள் உண்டு. அதுவும் இல்லை என்றால் இன்சுலினோமா என்ற சிறு கட்டியைத் தேட வேண்டும்.
– இன்சுலின் அதிகம், சி-பெப்டைடு குறைவு: இன்சுலின் வெளியிலிருந்து வந்திருக்கிறது.
– இரண்டும் குறைவு: பீட்டா செல் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. கல்லீரல், அட்ரினல் சுரப்பி, மது என்று வேறு பக்கம் திரும்புங்கள்.

சிறுநீரகம் கெட்டவரிடம் சி-பெப்டைடு வெளியேறாமல் தேங்கி அதிகமாகக் காட்டும். அதை மனதில் வையுங்கள். இவர்களிடம் சல்ஃபோனைல்யூரியாவும் சேர்ந்து தேங்கும், ஒருமுறை சரிசெய்த தாழ்வு மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். குளுக்கோஸ் மேலும் மேலும் கொடுத்தால் பீட்டா செல் இன்னும் உசுப்பேறும். மருத்துவமனையில் அப்போது ஆக்ட்ரியோடைடு கொடுப்பார்கள். அது சோமாட்டோஸ்டாட்டினின் நகல். டெல்டா செல்லின் மொழியில் பீட்டா செல்லை அதட்டுகிறது.

அறிகுறி: 50க்கு இறங்கியும் எதுவும் தெரியவில்லை

தாழ்வை உடல் படிப்படியாக எதிர்கொள்ளும். 80 வாக்கில் இன்சுலின் சுரப்பு நிற்கத் தொடங்கும். 65–70இல் குளுக்ககானும் அட்ரினலினும் கிளம்பும். 50–55இல் நமக்கே தெரியும்படி வியர்க்கும், நடுங்கும். அதற்கும் கீழே மூளை தடுமாறும்.

முதல் வகை நோய் வந்து சில ஆண்டுகளில் இரண்டாவது படியில் குளுக்ககான் போய்விடுகிறது. ஆல்பா செல்கள் அங்கேயே இருக்கின்றன, அமினோ அமிலம் கொடுத்தால் குளுக்ககானும் சுரக்கின்றன. ஆனால் குளுக்கோஸ் தாழ்ந்ததை மட்டும் கண்டுகொள்வதில்லை. ஆரோக்கியமான திட்டில் பக்கத்துப் பீட்டா செல் சட்டென்று மௌனமாவதே ஆல்பா செல்லுக்கு ஒரு சமிக்ஞை. பக்கத்தில் பீட்டா செல்லே இல்லை, ஊசியில் வந்த இன்சுலினோ மௌனமாவதில்லை. தோளோடு தோள் நிற்கிறார்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

மிச்சம் இருப்பது அட்ரினலின். நேற்று ஒருமுறை தாழ்ந்திருந்தால் இன்று அதன் குரலும் மங்கிவிடும். ஒரு தாழ்வு அடுத்த தாழ்வை மறைக்கிறது. இதில் நல்ல செய்தியும் உண்டு: இரண்டு மூன்று வாரம் ஒருமுறைகூடத் தாழாமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அந்த எச்சரிக்கை மணி திரும்பி வருகிறது. அதற்காக மருத்துவர் இலக்கைத் தற்காலிகமாக உயர்த்தி வைத்தால் பதறாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா தடுப்பி மாத்திரை (பீட்டா செல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை) எடுப்பவர்களுக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மறையாது, அதை நம்புங்கள்.

அறிகுறி: காலையில் 95, மாலையில் 280

புதிதாக ஸ்டீராய்டு தொடங்கினீர்களா? காலையில் எடுக்கும் பிரெட்னிசலோன் பிற்பகலில்தான் உச்சத்தைக் காட்டும். தசையின் வாசல் ஒட்டிக்கொள்கிறது, கல்லீரல் கூடுதலாகக் கொட்டுகிறது, பீட்டா செல்லும் கொஞ்சம் மந்தமாகிறது. வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும். மாலை உணவுக்கு முன்னும் பின்னும் பாருங்கள். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

அறிகுறி: இரண்டு பக்கமும் ஊஞ்சல் ஆடுகிறது

நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்கள், கணையத்தை அறுத்து எடுத்தவர்கள் இந்த வகை. திட்டுகளே அழிந்துபோனதால் பீட்டாவோடு ஆல்பாவும் போய்விட்டது. ஏறினால் இறக்க இன்சுலின் இல்லை, இறங்கினால் தூக்க குளுக்ககான் இல்லை. கொஞ்சம் இன்சுலின் போட்டாலும் சரசரவென்று இறங்கும்.

இவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது சுகரைப் பற்றி அல்ல: மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கிறதா? செரிமான நொதி மாத்திரை ஒழுங்காக எடுக்கிறாரா? நொதி இல்லாமல் உணவு ஒரு நாள் செரித்து ஒரு நாள் செரிக்காமல் போனால் எந்த இன்சுலின் அளவும் பொருந்தாது. அதைச் சரிசெய்தபின் ஊசியின் அளவைத் தீர்மானிக்கலாம். வீட்டில் குளுக்ககான் ஊசியும் வைத்திருக்கட்டும். ஆல்பா செல் இல்லாவிட்டாலும் கல்லீரலுக்கு அந்த மொழி இன்னும் புரியும், சேமிப்பில் கிளைக்கோஜன் இருக்கும்வரை.